குரல் நிலை: அன்புடன்

"கதவைப் பூட்டி வெச்சிருந்தாங்களா?"

"இல்லைங்க."

"ஜன்னலுக்குக் கம்பி?"

"இல்லைங்க. பூப்போட்ட திரைதானுங்க."

"அப்ப ஏன் வெளிய போகலை?"

"உள்ள ஆறு பெரியவங்க இருந்தாங்களேங்க. ஒருத்தருக்குக்கூடத் தானா எந்திரிக்க முடியாது. நான் போயிட்டா ஆரு எழுப்பி உட்கார வெப்பாங்க?"

விசாரணை அதிகாரி ஹோல்ப்ரூக் எழுதினார்: 'விருப்பத்தின் பேரில் தங்கியிருந்தார்.' எழுதிவிட்டு, எழுத்து வரிசையாக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்.

சால்வசியோன் அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். பெரிய மனிதர் எதிரே உட்கார்ந்தால் புன்னகைப்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை. அதற்கும் அவரிடம் ஒரு கட்டம் இருந்தது. அதிலும் ஒரு டிக் போட்டார்.

சால்வசியோனை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவள் எங்கள் தெருமுனை முதியோர் இல்லத்தின் முதலாளி வாஞ்சி. அவளும் எங்கள் சனம்தான். லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே எங்கள் தெருவில் பாதி வீடு பிலிப்பீன்ஸ்காரர்கள். அதில் பாதி இலோய்லோ பக்கத்து ஆட்கள். ஓட்டலில் வேலை என்று சொல்லித்தான் அழைத்து வந்தாள். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டை வாங்கி, "பத்திரமா இருக்கட்டும்" என்று தன் வீட்டுப் பீடத்தில் குழந்தை ஏசு சொரூபத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். தன்னை 'மம்மி' என்று கூப்பிடச் சொன்னாள். அன்றிலிருந்து சால்வசியோன் படுத்தது இரண்டு அறைகளுக்கு நடுவே நடையில். எந்தப் பெரியவர் முனகினாலும் காதில் விழ வேண்டுமாம். சம்பளப் பேச்சை எடுத்தால், "உன் விசா முடிஞ்சு போச்சு, போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்பாள் மம்மி.

குப்பை வண்டி வரும் ஒரு காலையில், தொட்டியைத் தெருவோரம் தள்ளிவந்த சால்வசியோன், தொட்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்து என் கதவைத் தட்டினாள். கையில் அடுப்படித் துணி.

"மனாங் பாசிங், உள்ள வரலாமுங்களா?" என்றாள். மனாங் என்றால் எங்கள் பேச்சில் அக்கா, இண்டாய் என்றால் தங்கச்சி.

"வா இண்டாய். அங்க பெரியவங்க?"

"எல்லாருக்கும் கஞ்சி குடுத்துட்டனுங்க. மாத்திரையும் குடுத்துட்டனுங்க."

இதுவும் பின்னால் அவளுக்கு எதிராகப் போயிற்று. கஞ்சி கொடுத்துவிட்டுத் தப்பித்தவர் பதற்றத்தில் தப்பித்தவர் ஆகமாட்டார் என்றார் ஹோல்ப்ரூக்.

ஏமாற்றிக் கொண்டுவந்து வேலை வாங்கப்பட்டவர்களுக்கென்றே இங்கே ஒரு விசா உண்டு. வக்கீல் மெரடித் சொன்னாள். காசு வாங்காத வக்கீல், காலில் ஓட்டப்பந்தய ஷூ, பேச்சும் ஓட்டம்தான். விசா கிடைத்தால் சட்டப்படி இங்கேயே இருக்கலாம், இலோய்லோவில் விட்டுவந்த மகள் ஷைரா மேயையும் வரவழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"ஊருக்குத் திரும்பினா என்ன கஷ்டம்?" என்று கேட்டார் ஹோல்ப்ரூக். "உங்க பொண்ணே அங்கதான இருக்கா. பார்த்தா சந்தோஷம்தான?"

"சந்தோஷந்தானுங்க. ஆனா மம்மியோட தம்பியும் அங்கதானுங்க இருக்காரு. என்னை இங்க அனுப்பினதே அவருதான். திரும்பி வந்தா காலை ஒடைக்கறேன்னு சொல்லியிருக்காருங்க."

"ஒடைச்சாரா?"

"இன்னும் நான் போகலீங்களே."

"அப்ப அது எதிர்கால நிகழ்ச்சி. எதிர்கால நிகழ்ச்சிக்கு வேற மேசை." திரும்பி மூலையைக் காட்டினார். "அந்த மேசையை இன்னும் போடலை."

அந்த இடத்தின் பெயர் பாதிப்பு உறுதிப்பாட்டு அலுவலகம். வாசலில் பெரிய எழுத்தில் 'இங்கே நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே துப்பாக்கியோடு ஒரு காவலர் நின்று, வருகிற பெண்களின் கொண்டை ஊசியைக் கழற்றி வாங்கிக்கொள்வார். நாங்கள் தலைவிரி கோலமாக உள்ளே போவோம். எனக்குக் கழுத்தில் 'ஆதரவாளர்' என்று ஓர் அட்டை மாட்டுவார்கள்.

முதல் நாளே ஹோல்ப்ரூக் எனக்கு விதி சொன்னார். "ஆதரவாளர் பேசக் கூடாது. தலையாட்டக் கூடாது. அழக் கூடாது. அழுதா விண்ணப்பதாரரோட அழுகையோட கலந்துரும், அப்புறம் யார் அழுதாங்கன்னு பிரிச்சு எழுத முடியாது."

"அப்ப நான் என்னங்க பண்றது?"

"ஆதரவா இருங்க."

நான் ஆதரவாக இருந்தேன்.

*

சிக்கல் எங்கே என்று எனக்கு இரண்டாவது விசாரணையில்தான் விளங்கியது. மொழிபெயர்ப்பாளர் ராமில் மணிலாக்காரர். எங்கள் ஊர்ப் பேச்சான இலோங்கோ பேசும் ஆள் வேண்டும் என்று மெரடித் மனு போட்டிருந்தாள். 'பிலிப்பீன்ஸ் என்று ஒரே கட்டம்தான் உள்ளது, அதில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்' என்று பதில் வந்தது. ராமிலும் நல்லவர்தான். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அலுவலகத்துத் தாளில் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி இருந்தது. 'குரல் நிலை.' அதையும் அவரே நிரப்ப வேண்டும்.

இலோய்லோக்காரர்கள் பேச்சு எப்படி என்று மற்ற ஊர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் சண்டை போட்டால் பக்கத்து வீட்டில் தொட்டில் பிள்ளை தூங்கிவிடும். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். கடைசி எழுத்தை இழுத்து இழுத்துச் சொல்வோம். என் மாமியார் என்னைத் திட்டுவதைக் கேட்டு, "உன்னை எவ்வளவு கொஞ்சுறாங்க" என்று பொறாமைப்பட்ட மணிலா மருமகள்கள் உண்டு.

ராமில் எழுதிய தாளை மெரடித் எனக்குக் காட்டினாள்.

'பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். (அன்புடன்.)'

'பெரியவர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். (கொஞ்சலாக.)'

'அவர்கள் நன்றாகவே இருக்கக் கூடாது. (மிகுந்த அன்புடன்.)'

நான் போய் ராமிலைப் பிடித்தேன். "ஏனுங்க தம்பி, அவ வயிறெரிஞ்சு சொல்றா, நீங்க அன்புன்னு எழுதறீங்களே?"

"மேடம், கேக்கறப்போ அப்படித்தான் இருக்கு. தாலாட்டு மாதிரி. நான் கேட்டதைத்தானே எழுத முடியும்?"

மெரடித் இதை ஹோல்ப்ரூக்கிடம் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார்.

"பாருங்க, வார்த்தை பொய் சொல்லும். குரல் பொய் சொல்லாது. அதனாலதான் இந்த அலுவலகம் வார்த்தையைக் கேக்கறதையே குறைச்சுக்கிட்டு வருது. நாங்க ரொம்ப நுணுக்கமான ஆளுங்க. உண்மையான பாதிப்பு ஒண்ணு இந்தக் கதவு வழியா வந்தா நாங்க உடனே கண்டுபிடிச்சுருவோம். இதுவரைக்கும் ஒண்ணும் வரலை. அதுலேர்ந்தே நாங்க எவ்வளவு கவனமா இருக்கோம்னு தெரியுதில்லை?"

"அவங்க தப்பிச்சு வந்தவங்க, சார்" என்றாள் மெரடித்.

"அதுவும் ஒரு சிக்கல். தப்பிச்சு வந்துட்டா இப்ப பாதிப்புல இல்லைன்னு ஆகுது. பாதிப்புல இருந்தா இங்க வந்து விண்ணப்பம் குடுக்க முடியாது. இந்தச் சமநிலையைக் கொண்டுவர எங்களுக்கு ரெண்டு கமிட்டி தேவைப்பட்டுச்சு."

*

இதற்கு நடுவில் பீக்கோ விவகாரம் வேறு.

எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். அது வீடாக இல்லாமல் அலுவலகமாக இருந்தால் என்ன, அங்கேயும் மனிதர்கள்தானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சால்வசியோனின் கட்சி. முதல் நாளே பசையரிசியைத் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் கிளறி, மேலே தேங்காய்ப்பால் கசடை முறுகலாகத் தூவி, வாழையிலை விரித்த தட்டில் பீக்கோ கொண்டுபோயிருந்தாள். காவலர் கத்தியை வாங்கிக்கொண்டு தட்டை உள்ளே விட்டார்.

ஹோல்ப்ரூக் தட்டைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அன்பளிப்பு வாங்கறது குற்றம்."

"அன்பளிப்பு இல்லைங்க. பீக்கோங்க."

"வாங்க முடியாது. திருப்பிக் குடுக்கலாம்னாலும், நாங்க வாங்கினாத்தான திருப்பிக் குடுக்க முடியும்?" அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். பீக்கோவின் வாசனை அறை முழுக்கப் பரவிவிட்டது. "ம்ம். இருக்கு. கெட்டுப்போகும் பொருள் அலுவலக எல்லைக்குள் கைவிடப்பட்டால், அதிகாரிகள் முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும்."

"எப்படி அழிப்பாங்க?" என்று கேட்டாள் மெரடித்.

ஹோல்ப்ரூக் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு முள்கரண்டியை எடுத்தார்.

அன்று அழித்தது இரண்டு பேர். அடுத்த விசாரணைக்கு அழிப்புக் குழு என்று பெயர் வைத்து, சுற்றறிக்கை விட்டு, நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த தடவை மாடியிலிருந்து வரித்துறை ஆள்கூட ஒருவர் வந்து, 'அயல்பணி' என்று கையெழுத்திட்டுவிட்டுத் தட்டு எடுத்தார். ஓரத்து முறுகலை யார் அழிப்பது என்பதில் அவர்களுக்குள் சிறிது மனத்தாங்கல். சால்வசியோன் தன் விசாரணை நேரத்தில் பாதியை அவர்களுக்கு கரண்டியால் வெட்டிக் கொடுப்பதில் கழித்தாள்.

"நல்லாருக்குங்களா?" என்று கேட்பாள்.

அதையும் ராமில் எழுதினார். குரல் நிலை: அன்புடன். அந்த ஓர் இடத்தில் அது சரி.

*

மம்மி சும்மா இருக்கவில்லை. போட்டோ அனுப்பினாள். அவளுடைய பிறந்தநாள் விழாவில், கரோக்கே பெட்டிக்குப் பக்கத்தில், சால்வசியோன் கேக்கைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் போட்டோ.

"சிரிக்கறீங்க" என்றார் ஹோல்ப்ரூக்.

"போட்டோ புடிக்கறப்ப சிரிக்கோணுமில்லீங்க?"

"யார் சொன்னது?"

"புடிச்சவங்கதானுங்க."

"கேக் வேற இருக்கு."

"அதை எனக்குக் குடுக்கலீங்க. புடிச்சுக்க மட்டுந்தான் குடுத்தாங்க."

'கொண்டாட்டங்களில் பங்கேற்றார்' என்று எழுதினார்.

எங்கள் சனத்துக்குப் போட்டோ என்றால் சிரிப்புத்தான் என்று நிரூபிக்க மெரடித் ஆதாரம் கேட்டாள். என்னிடம் இருந்தது. என் கணவர் காசியானோவின் இறுதிச்சடங்கில், சவப்பெட்டியைச் சுற்றி நாங்கள் குடும்பமாக நின்று எடுத்த போட்டோ. படுத்திருப்பவரைத் தவிர எல்லாரும் சிரிக்கிறோம். நான் நடுவில்.

ஹோல்ப்ரூக் அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க கணவர் செத்ததுல உங்களுக்குச் சந்தோஷமா?"

நான் வாயைத் திறந்தேன்.

"ஆதரவாளர் பேசக் கூடாது" என்றார்.

முப்பது வருடம் என்னோடு வாழ்ந்த மனுசன். அந்தக் கேள்வி இன்றைக்கும் அந்தக் கோப்பில் பதில் இல்லாமல் கிடக்கிறது.

அடுத்து, சால்வசியோனை உணர்வு வெளிப்பாட்டு வகுப்புக்கு அனுப்பினார்கள். அலுவலகமே ஏற்பாடு செய்த வகுப்பு. வெறுங்காலோடு ஒருவர் வந்து, ஆளுக்கொரு தலையணை கொடுத்து, "இதுதான் உங்களுக்குக் கெடுதல் செஞ்சவங்க. கத்துங்க, குத்துங்க" என்றார். மற்ற பெண்கள் குத்தினார்கள். சால்வசியோன் தலையணையை வாங்கி, உறை சுருங்கியிருந்ததை இழுத்துச் சரிசெய்து, பஞ்சை உதறிச் சமமாக்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடிங்க!"

"இது என்னங்க பண்ணுச்சு?"

"அது உங்க மம்மின்னு நெனச்சுக்குங்க!"

சால்வசியோன் தலையணையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, அதனிடம் மெல்லிய குரலில் நாலு வார்த்தை சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. அந்த வார்த்தைகளை எங்கள் ஊர் மீன் சந்தையில்கூட நான் கேட்டதில்லை.

வகுப்பு ஆசிரியர் கண் கலங்கிவிட்டார். "மன்னிச்சுட்டாங்க" என்றார். சான்றிதழும் கொடுத்தார். 'மன்னிப்பு நிலையை எட்டிவிட்டார்.' அதுவும் கோப்பில் சேர்ந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "இண்டாய், ஒரே ஒரு தடவை அவரு முன்னால கத்திப்போடேன். உனக்கு என்ன போச்சு?"

"முயற்சி பண்ணினனுங்க மனாங். நேத்து குளிக்கறப்ப தண்ணியத் தெறந்துவுட்டுக் கத்திப் பார்த்தேன்."

"நான் கேக்கலியே?"

"நீங்க கேட்டீங்க. பாட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்க."

*

மம்மியின் கடிதத்தை அடுத்த விசாரணையில் ஹோல்ப்ரூக் வாசித்தார்.

"'சால்விங் எனக்கு மகள் மாதிரி. அவளை வேலைக்காரியாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதனால்தான் சம்பளம் கொடுக்கவில்லை. பெற்ற மகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? நடையில் படுக்க வைத்தது, வீட்டின் நடுவில் அவள் இருக்க வேண்டும் என்பதற்காக. தொலைபேசியை வாங்கி வைத்தது, ஊர் நினைப்பு வந்து அழக் கூடாது என்பதற்காக. அவள் திரும்பி வந்தால் மன்னித்து ஏற்றுக்கொள்வேன். பெரியவர்களும் எழுப்பிவிட ஆள் இல்லாமல் இருக்கிறார்கள்.'"

மடித்து வைத்தார். "மனசைத் தொடுற கடிதம். இதுல எங்க குற்றம் இருக்கு? குடும்பப் பிரச்சினை மாதிரில்ல இருக்கு?"

"அந்தப் பெரியவங்க எப்படி இருக்காங்கன்னு ஏதாச்சும் எழுதியிருக்காங்களாங்க?" என்று கேட்டாள் சால்வசியோன். "நாலாவது அறைத் தாத்தாவுக்கு மெல்ல முடியாது. நுணுக்கித்தான் குடுக்கோணும்."

ஹோல்ப்ரூக் பேனாவை நிமிர்த்தினார். 'பணியிடத்தின்மீது பற்றுதல் தொடர்கிறது.' அடுத்த விசாரணையே கடைசி என்றும், அதன்பிறகு தீர்மானம் எழுதப்படும் என்றும் சொன்னார். எந்தத் தீர்மானம் என்பது அவர் கோப்பைக் கட்டிய விதத்திலேயே தெரிந்தது. மெரடித் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

கடைசி விசாரணைக்கு முந்தைய சாயங்காலம். எங்களுக்குச் சாயங்காலம் என்றால் இலோய்லோவில் காலை. சால்வசியோன் மறுநாளுக்குப் பசையரிசியை ஊறப் போட்டுவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். திரையில் ஷைரா மே பள்ளிச் சீருடையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எப்போதும் கேட்கும் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. எப்ப வருவீங்க, எப்ப கூட்டிக்குவீங்க என்று ஒன்றுமில்லை. பரீட்சை, மழை, நாய் போட்ட குட்டி, அவ்வளவுதான்.

திடீரென்று, "நானாய்!" என்று கூப்பிட்டாள். எங்கள் பேச்சில் நானாய் என்றால் அம்மா.

"என்ற கண்ணு, சொல்லு" என்றாள் சால்வசியோன்.

பிள்ளை திரையைப் பார்க்கவில்லை. முகத்தை அடுப்படிப் பக்கம் திருப்பி, "நானாய், என்ற சாக்ஸ் எங்கீங்க?" என்றது. அங்கிருந்து பிள்ளையை வளர்க்கும் சால்வசியோனின் தங்கை டெலியாவின் குரல், "கயித்துல கெடக்குது பாரு" என்றது.

பிறகுதான் ஷைரா மேவுக்கு உறைத்தது. திரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "உங்களையுந்தானுங்க" என்றாள்.

"தெரியுஞ் சாமி. நேரமாச்சு, போயிட்டு வா."

போனை வைத்தாள். நான் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அட்டை மாட்டாமலே எனக்குப் பேச்சு வரவில்லை. சால்வசியோன் அடுப்படிக்குப் போனாள். ஊறிய அரிசியை வடித்தாள். பின்கட்டில் குருவிகளுக்கு அள்ளி வீசினாள். பீக்கோத் தட்டைக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். எங்கள் ஊரில் ஒருத்திக்குக் கோபம் வந்தால் குரலில் தெரியாது. அடுப்பில்தான் தெரியும்.

*

காவலர் அவள் கையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "தட்டு எங்கம்மா?" என்றார்.

அவள் கொண்டை ஊசியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அழிப்புக் குழு ஏற்கெனவே கூடியிருந்தது. கடைசி விசாரணை என்பதால் எல்லாருமே வந்துவிட்டார்கள். தாள் தட்டு, கைத்துணி, முள்கரண்டி. வரித்துறைக்காரர் ஓரத்து முறுகலுக்கு வசதியாக மூலை நாற்காலியில் இருந்தார்.

சால்வசியோன் உட்கார்ந்தாள். மேசை காலியாக இருந்தது.

"எங்க?" என்றார் ஹோல்ப்ரூக்.

"இல்லைங்க."

"கார்ல இருக்கா?"

"இல்லைங்க."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானுங்க இருக்கேன்."

"யாராவது தடுத்தாங்களா? மிரட்டினாங்களா?" அந்தக் கேள்வியை அவர் அவளிடம் உண்மையான கவலையோடு கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லைங்க." அவள் குரல் இன்னும் இறங்கியது, பட்டுத்துணி மாதிரி ஆகிவிட்டது. "உங்களுக்குச் செஞ்சு குடுக்க எனக்கு மனசு வரலீங்க."

அவள் புன்னகைக்கவும் இல்லை.

ராமில் பேனாவைக் குரல் நிலைப் பத்திக்குக் கொண்டுபோனார். எழுதவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தார். மணிலாக்காரரானாலும் அவரும் ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தானே.

"என்ன சொல்றாங்க?"

"சார். இது... பெரிய விஷயம் சார்."

"எவ்வளவு பெரிசு?"

"எங்க ஊர்ல கொலைகாரன் வீட்டுக்கு வந்தாலும், சாப்டியான்னு கேட்டுட்டுத்தான் சார் மத்ததைக் கேப்போம். ஒருத்தங்க இப்படி வெறுங்கையோட வந்து, செய்ய மனசு வரலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாங்கன்னா... நான் என் வாழ்நாள்ல பார்த்ததில்லை சார். நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

ஹோல்ப்ரூக் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் முள்கரண்டியைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"என்ன நடந்துச்சு இவங்களுக்கு?" என்று கேட்டார் ஹோல்ப்ரூக், கோப்பை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவர் போல.

"நாங்க அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றாள் மெரடித்.

ஆணை வந்தது. மெரடித் அதை எங்கள் அடுப்படியில் நின்று வாசித்தாள். 'விண்ணப்பதாரரின் இயல்பான நடத்தை முற்றிலும் சிதைந்திருப்பதை அதிகாரிகள் ஏழு பேர் நேரில் கண்டு அதிர்ச்சி அடைந்தனர். பாதிப்பு கடுமையானது என்பதில் ஐயமில்லை. இத்தகைய நிலைக்கு ஆளானவரைத் திருப்பி அனுப்புதல் முறையாகாது. விசா வழங்கப்படுகிறது. மகளுக்கும் வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

சம்பளம், பாஸ்போர்ட், நடையில் படுக்கை, தம்பியின் மிரட்டல் எதைப் பற்றியும் அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

சால்வசியோன் அழுதாள். அழுத கையோடு வெல்லம் எடுக்கப் போனாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் மெரடித். "கடைசி வரியை இன்னும் வாசிக்கலை."

கடைசி வரி: 'மகள் வந்து சேரும்வரை விண்ணப்பதாரர் அவ்வப்போது நேரில் வர வேண்டும். நடத்தை இயல்புக்குத் திரும்பியது தெரியவந்தால் ஆணை மறுபரிசீலனை செய்யப்படும்.'

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லிராதீங்க" என்றாள் மெரடித். "கையில ஒண்ணும் கொண்டுபோகாதீங்க. ஒரு மிட்டாய்கூட."

வாஞ்சியிடம் இருந்த காலமெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்தவள் இதைப் பொறுக்கத்தான் திணறினாள். கடையில் தேங்காய்ப்பால் டப்பா அடுக்கியிருக்கும் பக்கம் போகவே மாட்டாள். ஒருமுறை பழக்கத்தில் பையில் வாழைப்பழம் போட்டு வந்துவிட்டாள். மெரடித் அலுவலகப் படிக்கட்டில் வைத்து அத்தனையையும் என்னைத் தின்ன வைத்தாள். ஆதரவாளர் அந்த ஒரு நாள்தான் உருப்படியாக ஆதரவளித்தது. உள்ளே ஹோல்ப்ரூக் ஒவ்வொரு தடவையும் அவள் கையைப் பார்ப்பார். பெருமூச்சோடு எழுதுவார்: 'முன்னேற்றமில்லை.'

ஷைரா மே வந்தாள். விமான நிலையத்தில் அம்மாவைவிட உயரமாக வந்து நின்றாள். இரண்டு பேரும் எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் முதலில் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். "சாப்பிட்டயா?" என்று கேட்டாள் சால்வசியோன். "இல்லீங்க நானாய்" என்று பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

மறுவாரம் அலமாரியிலிருந்து தட்டு இறங்கியது. பெரிய தட்டு. ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் மகள் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார்கள். அழிப்புக் குழுவில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். ஹோல்ப்ரூக் கோப்பை எடுத்து, 'குணமடைந்தார். கோப்பு முடிக்கப்படுகிறது' என்று எழுதி, அழகாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இழுப்பறையிலிருந்து முள்கரண்டியை எடுத்தார்.

ஷைரா மே அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தை இழுத்து, தேன் ஒழுகுகிற குரலில் சொன்னாள்.

"இந்த மூஞ்சிதானுங்களா நானாய், நம்மளை இத்தனை நாளாப் பிரிச்சு வெச்சிருந்தது? இந்தப் பீக்கோ இவரு தொண்டையிலயே நின்னுக்கோணுங்க."

சால்வசியோன் மகளை அதட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அடடா, என்ன குரல்!" என்றார் ஹோல்ப்ரூக், வாய் நிறைய. "என்ன சொல்லுது பொண்ணு?"

ராமில் அந்தப் பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் தட்டிலிருந்த துண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு அதை மேசையில் வைத்தார்.

"நல்லா மென்னு சாப்பிடச் சொல்லுது சார்" என்றார்.

"எவ்வளவு அக்கறை!" என்றார் ஹோல்ப்ரூக். இன்னொரு துண்டை அழிக்கக் கை நீட்டினார்.